காற்றில்லா டயர், பந்து டயர், பாசி டயர்: இதில் எது நம் காருக்கு வந்து சேரும்?

வழிப்போக்கன் கேட்டது:

கார் கண்காட்சிகளுக்காக உருவாக்கிய எதிர்கால டயர்களின் படங்கள் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குட்இயர் காட்டியவற்றில் நான்கு: பந்து வடிவ ஈகிள்-360 (2016), பக்கச்சுவரில் பாசி வளரும் ஆக்சிஜீன் (2018), பறக்கும் காருக்கு விசிறியாகவும் மாறும் ஏரோ (2019), கேப்ஸ்யூல் செருகினால் தேய்ந்த பட்டன் (தரையில் படும், பள்ளக்கோடுகள் உள்ள மேல்ரப்பர்) தானே வளரும் ரீசார்ஜ் (2020). இவற்றோடு மிஷ்லினின் காற்றில்லாத அப்டிஸ். அது 2024லேயே கார்களில் வரக்கூடும் என்று 2019ல் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து அறிவித்தார்கள். இன்னும் எந்த டயர் கடையிலும் அதைக் காணோம்.

இவை உண்மையான ஆராய்ச்சியா, கண்காட்சிக்கு வைத்த பொம்மைகளா? தாமதம் எதனால்? இன்னொன்று நடைமுறைக் கேள்வி. 205/55 ஆர்16 அளவு டயர் நான்கும் அடுத்த வருடம் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கின்றன. பஞ்சர் தொல்லை இல்லாத டயருக்காக இன்னும் ஒரு வருடம் இழுத்தடிக்கலாமா?

—

ஸ்பானர்17:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: காத்திருக்க வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் டயரின் சட்டபூர்வ ஆயுள் முடிந்தது. மழைக்காலத்துக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. தேய்ந்த டயரில் ஒரு வருடம் ஓட்டுவது பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து.

அப்டிஸ் பொம்மை இல்லை. 2017ல் மிஷ்லின் காட்டிய விஷன் என்ற மாதிரியில் நான்கு யோசனைகள் ஒன்றாக இருந்தன: காற்று இல்லாமை, சென்சார், பட்டனை மறுபடி அச்சிடுவது, மட்கும் பொருட்கள். அதிலிருந்து முதல் யோசனையை மட்டும் தனியாக உருவி எடுத்ததுதான் 2019ன் அப்டிஸ். ரப்பரும் கண்ணாடியிழை சேர்த்த ரெசினும் கலந்த ஆரங்கள் (ஸ்போக்குகள்), அலுமினிய சக்கரம், மேலே வழக்கமான பட்டன். ஷெவர்லே போல்ட் மின்காரில் சோதித்தார்கள். 2021ல் மியூனிக் கண்காட்சியில் மின்சார மினி காரில் மாட்டிப் பொதுமக்களை உட்கார வைத்து ஓட்டினார்கள். 2023ல் சிங்கப்பூரில் டிஎச்எல் நிறுவனத்தின் சுமார் 50 பார்சல் வேன்களில் மாட்டினார்கள். அடுத்து பிரான்ஸின் அஞ்சல் துறை வேன்கள் 40.

அந்த வேன்களைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பார்த்தால் தாமதத்தின் காரணமும் பாதி தெரிந்துவிடும். பார்சல் வேன் நகருக்குள் ஓடும். வேகம் குறைவு, ஏற்றும் சுமை முன்கூட்டியே தெரியும், ராத்திரி எல்லா வண்டியும் ஒரே டிப்போவுக்குத் திரும்பும், அங்கே ஒருவர் டயரைத் தொட்டுப் பார்க்க முடியும். பஞ்சரால் ஒரு வண்டி அரைநாள் நின்றால் கம்பெனிக்கு நேரடி நஷ்டம் என்பதால் கூடுதல் விலையும் கொடுப்பார்கள். தனியார் காரில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அதே டயர் திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒற்றை ஆளோடு போகும், சனிக்கிழமை ஐந்து பேர், நான்கு பெட்டிகளோடு நான்குவழிச் சாலையில் 110ல் போகும்.

—

ரப்பர்பால்:

ஸ்பானர் சார் சொன்னது சரி. வேகம் கூடினால் ஏன் பிரச்சினை என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

காற்றடித்த டயரில் எடையைத் தாங்குவது எது? பலரும் கீழே அமுங்கும் ரப்பர் என்று நினைப்பார்கள். உண்மையில் காற்றழுத்தம் டயருக்குள் இருக்கும் நூல்களை எல்லாப் பக்கமும் இழுத்து விறைப்பாக வைக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் மட்டும் அந்த இழுவிசை குறைகிறது. மேலே விறைத்து நிற்கும் நூல்களில் ரிம் தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில்லா டயரிலும் அதே தத்துவம்தான். கீழே வரும் ஆரம் மடங்கிச் சும்மா இருக்கும், மேலே இருக்கும் ஆரங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். வெளி வளையம் சைக்கிள் ரிம் போல வளைந்துகொடுத்து எடையைப் பரப்பும்.

ஆக, ஒவ்வொரு ஆரமும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை விறைத்து, மடங்கி, மறுபடி விறைக்க வேண்டும். 205/55 ஆர்16 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 510 சுற்று சுற்றும். 50,000 கி.மீ. ஓடினால் இரண்டரைக் கோடி மடங்கல். கம்பியை இங்கும் அங்கும் வளைத்தால் எங்கே ஒடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆரமும் அப்படித்தான், அது உள் சக்கரத்தோடும் வெளி வளையத்தோடும் ஒட்டும் இடத்தில் விரிசல் விடும். ரப்பர், ரெசின், உலோகம் மூன்றுக்கும் வெப்பத்தில் விரியும் அளவு வேறு வேறு என்பதால் அந்த ஒட்டு எப்போதும் இழுபறியில் இருக்கும்.

அடுத்தது சூடு. ஒரு சக்கரத்தில் 400 கிலோ எடை, உருள் தடைக் கெழு (உருளும்போது எதிர்க்கும் விசை எடையில் எத்தனை பங்கு என்ற எண்) 0.01 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நல்ல டயருக்கான அளவு. மணிக்கு 100 கி.மீ.யில் அந்த ஒரு டயருக்குள் சுமார் 1,100 வாட் சூடாக மாறும். ஓர் இஸ்திரிப் பெட்டி ஓயாமல் எரிவதற்குச் சமம். காற்று டயரில் இந்தச் சூடு பெரும்பாலும் பட்டனிலும், பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள் பகுதியிலும் பிறக்கிறது, ஓட்டத்தில் அடிக்கும் காற்று அதை வாங்கிக்கொள்கிறது. காற்றில்லா டயரில் ஆரங்களும் வளையமும் சேர்ந்து சூடாகும். கெழு இரண்டு மடங்கானால் இரண்டு இஸ்திரிப் பெட்டி. ஆரங்களுக்கான பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் வகைப் பொருட்கள் சூட்டில் இளகும். இளகினால் அதிகம் வளையும், அதிகம் வளைந்தால் இன்னும் சூடாகும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையே 60 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல்தான் இந்தக் கணக்கு தொடங்குகிறது.

மூன்றாவது, சத்தம். 64 ஆரங்கள் உள்ள டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம், இது கணக்குக்காக மட்டும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 சுற்று. ஒவ்வொரு ஆரமும் தரைப்பக்கம் வரும்போது ஒரு சின்னத் தட்டு. பதினான்கை 64ஆல் பெருக்கினால் நொடிக்கு 900 தட்டு. சாதாரண டயர்ச் சத்தமும் அந்த 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் உச்சத்துக்குப் போகும், மனிதக் காதுக்கும் அது நன்றாகக் கேட்கும். மிஷ்லின் 2005ல் காட்டிய ட்வீல் என்ற காற்றில்லா டயரில் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் அதிர்வும் இரைச்சலும் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. ஆரங்களுக்கு இடையே சமமற்ற இடைவெளி விட்டால் ஒரே சுருதியில் கத்தாது, ஆனால் சத்தம் மொத்தமாகப் போகாது.

சேறு கடைசி. திறந்த ஆரங்களுக்கு நடுவில் 200 கிராம் களிமண் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்துவிட்டால், 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 40 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்கு 14 தடவை திசை மாறி மாறி. பேலன்சிங் கடையில் 5 கிராம், 10 கிராம் ஈயத்துண்டுக்கு ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று இதிலிருந்து புரியும். பக்கத்தைத் தகடு போட்டு மூடலாமே என்று தோன்றும். மூடினால் மேலே சொன்ன சூடு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று என்பது திருகிச் சரிசெய்யக்கூடிய ஸ்பிரிங். இரண்டு பேர் போனால் 32 பி.எஸ்.ஐ., முழுச் சுமைக்கு 36 என்று மாற்றிக்கொள்ளலாம். காற்றில்லா டயரின் விறைப்பைத் தொழிற்சாலையிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். முழுச் சுமைக்கு ஏற்ப விறைப்பாகச் செய்தால் ஒற்றை ஆள் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும்.

—

வழிப்போக்கன்:

விளக்கமான பதிலுக்கு நன்றி. 900 ஹெர்ட்ஸ் கணக்கு நன்றாகப் புரிந்தது. பந்து டயர், பாசி டயர், வளரும் பட்டன் மூன்றையும் இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

—

கணக்குப்பிள்ளை:

பாசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு அவர்களே எண்கள் கொடுத்திருக்கிறார்கள். பாரிஸ் அளவு நகரத்தில் 25 லட்சம் வாகனங்கள் ஆக்சிஜீன் டயரில் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 3,000 டன் ஆக்சிஜன் கிடைக்கும், 4,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படும் என்பது குட்இயரின் கூற்று. 4,000 டன்னை 25 லட்சத்தால் வகுத்தால் ஒரு வண்டிக்கு வருடம் 1.6 கிலோ. கிலோமீட்டருக்கு 120 கிராம் புகைவிடும் பெட்ரோல் கார் அந்த 1.6 கிலோவை 13 கி.மீ. ஓட்டத்தில் வெளியே விட்டுவிடும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் வருடத்துக் கணக்கு தீர்ந்துவிடும்.

தவிர, பாசி அந்த இடத்தில் உயிரோடு நிற்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் பக்கச்சுவரின் நடுப்பகுதியில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. ஒரு கிராம் ஈரம் 200 கிராம் கனத்தோடு வெளியே இழுபடும். தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் பாசி வாழும். இந்த மாதிரியை நான் நகரக் காற்றைப் பற்றிப் பேசவைக்கும் ஒரு காட்சிப்பொருளாகத்தான் பார்க்கிறேன். அதில் மதிக்கத்தக்க ஒன்று உண்டு: அதன் அமைப்பு பழைய டயர் ரப்பர்த் தூளிலிருந்து முப்பரிமாண அச்சில் செய்யப்படுவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். கழிவு டயரை என்ன செய்வது என்பது உண்மையான பிரச்சினை.

பந்து டயர். காரைப் பந்துகளின் மேல் காந்தவிசையால் மிதக்கவைப்பதுதான் அதன் யோசனை. இங்கே முதல் சிக்கல் காந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு டெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு) அளவுள்ள காந்தப்புலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு கிலோ விசை கொடுக்கும். 400 கிலோவைத் தாங்க, இடைவெளியே இல்லாத நிலையில், 100 சதுர செ.மீ. போதும். நிற்கும் காரைத் தூக்குவது சாத்தியம்தான். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு நொடிக்குள் அதுபோல மூன்று நான்கு மடங்கு விசை வரும், இடைவெளி சில மில்லிமீட்டர் மாறினாலே காந்தவிசை சரசரவென்று விழும், சாலையிலிருந்து எழும் இரும்புத்தூளும் பொடிக்கல்லும் அந்த இடைவெளிக்குள் போய் உட்காரும். அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது.

அதைவிடக் கடினம் பிரேக். 1,500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். அவசர பிரேக்கில் மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும் என்றால் சராசரியாக 190 கிலோவாட், முதல் கணத்தில் அதைப்போல இரு மடங்கு. இன்று இதைத் தட்டும் பேடும் செய்கின்றன. பந்துக்கு அச்சே கிடையாது, எதைப் பிடித்து நிறுத்துவது? முழு விசையும் அந்தக் காந்த இடைவெளி வழியாகவே போக வேண்டும். மின்சாரம் அறுந்தால் பிரேக்கும் இல்லை, எடையைத் தாங்கவும் ஆளில்லை.

கடைசியாக வடிவம். 33 பி.எஸ்.ஐ.யில் 400 கிலோவுக்குத் தரைத் தொடர்பு சுமார் 170 சதுர செ.மீ. வேண்டும், விரித்துவைத்த ஒரு கை அளவு. உருளை வடிவ டயர் வெறும் 3.5 மி.மீ. அமுங்கினால் அந்தப் பரப்பு கிடைத்துவிடும். 60 செ.மீ. விட்டமுள்ள பந்து 9 மி.மீ. அமுங்க வேண்டும். ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் தட்டையாக்க முடியாது. பந்தின் பரப்பும் அப்படித்தான், தட்டையாகும்போது ஓரங்களில் ரப்பர் இழுபட்டுத் தரையில் வழுக்கும். தேய்மானமும் உருள் தடையும் ஒவ்வொரு சுற்றிலும் கூடும்.

ஈகிள்-360 சொன்ன தேவை மட்டும் நிஜம்: இறுக்கமான இடத்தில் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். அந்தத் தேவையைத் தீர்க்கச் சாதாரண டயரையே வேறு விதமாகத் திருப்பினார்கள். ஜிஎம்சி ஹம்மர் மின்வண்டியில் பின்சக்கரங்களும் முன்சக்கரத் திசையிலேயே 10 டிகிரி வரை திரும்பி வண்டி குறுக்காக நகரும், அது விற்பனையில் இருக்கும் வண்டி. ஹூண்டாய் மோபிஸ் நான்கு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும் அமைப்பை அயோனிக் 5 காரில் மாட்டி 2023ல் காட்டியது. அச்சு இருக்கிறது, பிரேக் இருக்கிறது, டயர் கடையில் கிடைக்கும் டயர்.

—

ரப்பர்பால்:

வளரும் பட்டனைப் பற்றி நான் சேர்க்கிறேன். டயர்த் தொழிற்சாலையில் பச்சை ரப்பர் அச்சுக்குள் சுமார் 150 முதல் 180 டிகிரி சூட்டில், கடும் அழுத்தத்தில், பத்து நிமிடத்துக்கு மேலோ கீழோ வேகிறது. அப்போதுதான் கந்தகம் ரப்பர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டுகிறது. லாரி டயரை ரீட்ரெட் செய்யும் பட்டறையில் பாருங்கள். பழைய பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒட்டு ரப்பர் வைத்து, தயார்ப் பட்டையைச் சுற்றி, உறையில் போட்டு, அறையில் 100 டிகிரிக்கு மேல் சில மணிநேரம் வேகவைக்கிறார்கள். தேய்த்த பரப்பில் விரலின் எண்ணெய் பட்டால்கூட அந்த இடத்தில் பட்டை உரியும்.

ரீசார்ஜ் கேட்பது இதுதான்: ஒரு கேப்ஸ்யூலில் இருக்கும் திரவம், சாலைச் சூட்டில், அச்சு இல்லாமல், எண்ணெயும் தூசியும் படிந்த பரப்பின் மேல், எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் பரவி, வெந்த ரப்பர் அளவுக்கு இறுக வேண்டும். இன்று அப்படி ஒரு வேதியியல் சந்தையில் இல்லை. ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே ஸ்டியரிங் ஆடும்.

—

நாலுசக்கரம்:

மேலே எல்லோரும் போட்ட கணக்கில் குறை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் ஒருவர் "கான்செப்ட் என்றாலே வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார், அதை நான் ஏற்க மாட்டேன். வந்தவற்றையும் பார்க்க வேண்டும்.

சுமிடோமோ 2017 டோக்கியோ கண்காட்சியில் ஸ்மார்ட் டயர் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் ஒரு பகுதி, தண்ணீர் பட்டால் தானே மென்மையாகும், குளிரில் இறுகாத ரப்பர். அப்போது அதையும் கற்பனை என்று தள்ளியவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் டன்லப் சிங்க்ரோ வெதர் என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. பைரெல்லியின் சென்சார் பொதித்த சைபர் டயர் 2021ல் மெக்லாரன் அர்டூரா காரில் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. டயரே எந்த மாடல், என்ன அழுத்தம், எவ்வளவு சூடு என்று காரின் கணினிக்குச் சொல்லும்.

ரப்பர்பால் குறை சொன்ன அதே ட்வீல் 2012லிருந்து ஸ்கிட் ஸ்டியர் லோடர் எனும் மண் அள்ளும் சிறு இயந்திரங்களுக்கு விற்கிறது. அதற்கென்றே தென் கரோலினாவில் 2014ல் தொழிற்சாலை திறந்தார்கள். புல்வெட்டும் வண்டி, கோல்ஃப் வண்டிக்கும் வருகிறது. வேகம் குறைந்த இடத்தில் சூடும் சத்தமும் பிரச்சினையே இல்லை, ஆணியும் இரும்புத் துண்டும் கிடக்கும் கட்டுமான இடத்தில் பஞ்சர் இல்லாமை பெரிய வரம். பிரிட்ஜ்ஸ்டோனும் 2011ல் காட்டிய காற்றில்லா டயரை மேம்படுத்திக்கொண்டு வந்து, இப்போது ஜப்பானில் மணிக்கு 20 கி.மீ.க்குள் ஓடும் சிறு பொதுப் போக்குவரத்து வண்டிகளில் சோதிக்கிறது. காற்றில்லா டயர் காருக்குத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

வந்ததையும் வராததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிங்க்ரோ வெதர் மாற்றியது ரப்பரை மட்டும். பழைய ரிம்மில் மாட்டலாம், எந்தக் கடையிலும் கழற்றலாம். அதற்கு நேர் எதிர் உதாரணம் மிஷ்லினின் பாக்ஸ் (PAX) என்ற டயர் அமைப்பு. உள்ளே ஒரு தாங்கு வளையம், டயரைப் பூட்டும் தனி வடிவ ரிம், பஞ்சரானாலும் ஓடும். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. 2005ல் ஹோண்டா ஒடிஸி டூரிங் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ரிம்மில் வேறு எந்த டயரும் ஏறாது, கழற்றி மாட்டத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும், அவை எல்லாக் கடையிலும் இல்லை. மாற்று டயரின் விலையும் கூட. சில வருடங்களில் குடும்பக் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. டயர் நன்றாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள கடைகள் தயாராக இல்லாததால் போன ஒரு பொருள் அது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

இன்று கார்களில் ஓடும் ரேடியல் டயரே எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். மிஷ்லின் 1946ல் காப்புரிமை பெற்று 1949ல் விற்கத் தொடங்கியது. அமெரிக்கக் காரில் அது தொழிற்சாலை டயராக வந்தது 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3ல். இருபது வருடத்துக்கு மேல். சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியிருந்தது, டயர் கட்டும் இயந்திரங்களை மாற்ற வேண்டியிருந்தது. பழைய முறைக்குப் பழகிய ஆலைகளில் அவசரமாக ரேடியல் செய்யப் போனதன் விலை 1978ல் தெரிந்தது. பட்டன் பிரிந்துபோகும் கோளாறால் ஃபயர்ஸ்டோன் 500 டயர்கள் ஒரு கோடிக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. அப்டிஸ் நான்கைந்து வருடம் பிந்துவதை நான் தோல்வியாக எண்ணவில்லை. அரைகுறையாக வருவதைவிடப் பிந்தி வருவது மேல்.

—

ஸ்பானர்17:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடையை மட்டும் சேர்க்க வேண்டும், யாரும் தொடவில்லை: சட்டம். இந்தியாவில் கார் டயருக்கான ஐஎஸ் 15633 தரநிலையின் தலைப்பிலேயே "காற்றடைத்த டயர்கள்" என்று இருக்கிறது. ஐரோப்பாவில் பின்பற்றும் ஐ.நா.வின் 30ஆம் எண் விதியும் அப்படியே. அதில் வரும் சோதனைகள், குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்றடித்து டிரம்மில் ஓட்டுவது முதற்கொண்டு, காற்று இருக்கிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. அமெரிக்காவில் காற்றில்லாக் கார் டயருக்கு என்றே 129ஆம் எண் தரநிலை பல வருடங்களாக உண்டு, ஆனால் அது தற்காலிக ஸ்டெப்னிக்கு மட்டும். ஆக முதலில் சோதனை முறை எழுத வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும், பிறகுதான் சான்று. கட்டுப்படுத்தப்பட்ட வேன் சோதனைகளுக்குச் சிறப்பு அனுமதி வாங்கிவிடலாம். கடையில் விற்க அது போதாது.

—

வழிப்போக்கன்:

தெளிவாகிவிட்டது. அப்டிஸுக்காகக் காத்திருக்கவில்லை. அப்படியானால் இன்றைக்கு வாங்கக் கிடைப்பதில் பஞ்சர் பயத்தைக் குறைக்க எது உதவும்? ரன்ஃப்ளாட், உள்ளே பசை தடவிய டயர், சீலன்ட் பாட்டில் என்று மூன்று சொல்கிறார்கள். இப்போது கார்களில் ஸ்டெப்னியே இல்லாமலும் வருகிறதே?

—

ஸ்பானர்17:

2020ல் மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். 3.5 டன்னுக்குள் உள்ள பயணிகள் வாகனத்தில் டியூப்லெஸ் டயர், அழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் ஸ்டெப்னி இருந்தால் அதைக் கழற்றிவிடாதீர்கள். பக்கச்சுவர் கிழிந்தால் மற்ற மூன்று வழியும் உதவாது, அது ஒன்றுதான் வீடு சேர்க்கும்.

உங்கள் அளவில் 91வி என்று இருக்கும். 91 என்பது டயருக்கு 615 கிலோ, வி என்பது 240 கி.மீ. வேகம். எந்தக் கம்பெனி வாங்கினாலும் இந்த இரண்டுக்கும் கீழே போகாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23வது வாரத் தயாரிப்பு. ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததைத் தள்ளுபடிக்காக வாங்க வேண்டாம்.

ரன்ஃப்ளாட்டில் பக்கச்சுவர் தடித்திருக்கும். காற்று முழுக்கப் போனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் போகலாம். அதற்கென்று சஸ்பென்ஷன் அமைத்த காரில்தான் அது சரி. சாதாரணக் காரில் மாட்டினால் பள்ளத்தில் அடி பலமாக விழும், டிபிஎம்எஸ் இல்லாவிட்டால் காற்று போனதே தெரியாமல் 80 கி.மீ.யைத் தாண்டி ஓட்டிவிடுவீர்கள். இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலக்கவும் கூடாது.

உள்ளே பசை தடவிய டயர்தான் உங்கள் கேள்விக்கு நெருங்கிய விடை. பட்டனுக்கு அடியில் பிசின் மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். சுமார் 5 மி.மீ. வரை உள்ள ஆணி குத்தினால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பிடுங்கினால் ஓட்டையை மூடும். பட்டன் பகுதிக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. பிறகு முறையாக ஒட்டவேண்டி வந்தால் அந்த இடத்துப் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பேட்ச் வைக்க வேண்டும், இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மின்கார்களின் சில டயர்களில் சத்தம் குறைக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள், அதற்கும் இதே வேலை.

சீலன்ட் பாட்டில் அவசரத்துக்கு. ஆணியைப் பிடுங்காமல், வால்வு வழியாக ஊற்றி, காற்றடித்து, உடனே சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால்தான் உள்ளே பரவும். நிற்கவைத்துக் காத்திருந்தால் அடியில் குட்டையாகத் தேங்கிவிடும். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நேராகப் பஞ்சர் கடைக்குப் போகவும். உள்ளே திரவம் இருப்பதைச் சொல்லிவிட்டால் டிபிஎம்எஸ் சென்சாரைத் துடைத்துக் காப்பாற்றலாம். பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், டிக்கியில் கிடந்தே கெட்டிப்பட்டுப் போவது அடிக்கடி நடப்பது.

பஞ்சர் ஒட்டும்போது வெளியிலிருந்து ரப்பர் ஸ்ட்ரிப் திணிப்பது வழிக்கு உதவும். நீண்ட நாளைக்கு, டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ பேட்ச் வைப்பதே சரி. 6 மி.மீ.க்கு மேல் ஓட்டை, அல்லது பக்கச்சுவரில் எந்த ஓட்டையானாலும் அந்த டயர் வேண்டாம். கழற்றியதும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கருப்பு ரப்பர்த் தூள் கையில் ஒட்டினால், காற்றில்லாமல் ஓடிப் பக்கச்சுவர் உள்ளே அரைபட்டிருக்கிறது. வெளியே புதிது போல இருந்தாலும் அது வேகத்தில் வெடிக்கும்.

—

வழிப்போக்கன்:

பசை டயர் இந்த அளவில் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன். கடைசியாக ஒன்று: காற்றழுத்தத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? டிபிஎம்எஸ் இருந்தால் அது போதாதா?

—

ரப்பர்பால்:

போதாது. பல கார்களில் அது நன்றாகக் குறைந்த பிறகுதான் விளக்கு எரிக்கும், அதற்குள் தோள் பகுதி தேய ஆரம்பித்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், டயரின் மேல் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. வெளி வெப்பம் 10 டிகிரி மாறினால் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. மாறும். நெடுந்தூரம் ஓடிய பிறகு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைத் திறந்துவிடாதீர்கள், ஆறினால் தானே இறங்கும். பார்க்கிற அன்றைக்கே ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். அது கார் டயரைவிட மெல்லிய தற்காலிக வகை என்றால் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும்.